பள்ளியில் வரலாறு, ஊரில் வரலாறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சமூக அறிவியல் ஆசிரியர்கள், பள்ளியில் தொன்மைப் பாதுகாப்பு மன்றம் நடத்துகிறவர்கள், வார இறுதியில் மரபு நடை (பழைய இடங்களை நடந்து சுற்றிக் காட்டும் நடை) அழைத்துப் போகிறவர்கள், பிள்ளையின் பாடநூலைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சந்தேகம் கேட்கும் பெற்றோர் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்பவை இங்கே உள்ளன. நானும் சமூக அறிவியல் நடத்துகிறவன்தான். அதனால் பெரும்பாலான பதில்கள் தமிழ்நாட்டு வகுப்பறையை மனதில் வைத்தே எழுதியவை.

வரலாறு என்றாலே பிள்ளைகள் ஏன் சலித்துக்கொள்கிறார்கள்?

முடிவை மட்டும் கையில் கொடுத்துவிடுகிறோம், அதனால்தான். ஆறாம் வகுப்பின் முதல் பாடமே 'வரலாறு என்றால் என்ன?' என்பது. கல்வெட்டு, நாணயம், இலக்கியம், தொல்பொருள் என்று சான்றுகளின் வகைகள் அங்கே அறிமுகமாகின்றன. அடுத்த பாடத்துக்குப் போனதும் அவை மறைந்துவிடுகின்றன. அங்கிருந்து பத்தாம் வகுப்பு வரை யார் ஆண்டார், எப்போது ஆண்டார், என்ன கட்டினார் என்ற செய்திகள்தான். அந்தச் செய்தி நமக்கு எப்படிக் கிடைத்தது என்று எந்தப் பாடமும் நின்று சொல்வதில்லை. துப்பறியும் வேலையை எல்லாம் ஒளித்துவிட்டுத் தீர்ப்பை மட்டும் படிக்கச் சொன்னால் யாருக்குத்தான் பிடிக்கும்?

நான் செய்வது ஒன்றுதான். ஒவ்வொரு பாடத்திலும் ஒரு வாக்கியத்தைப் பிடித்து, "இது நமக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்பேன். கீழே உள்ள பதில்கள் எல்லாம் ஏதோ ஒரு வகையில் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் வருகின்றன.

போர்ஷனை முடிக்கவே நேரம் இல்லை. இதற்கெல்லாம் எங்கே போவது?

உண்மைதான். பத்தாம் வகுப்பில் வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் நான்கும் ஒரே தாளில் வருகின்றன. ஜனவரிக்குள் முடித்துத் திருப்புதல் தேர்வு வைக்க வேண்டும். அதனால் எல்லாப் பாடத்துக்கும் இப்படிச் செய்யச் சொல்லமாட்டேன். ஒரு பருவத்துக்கு ஒரு பாடம் போதும். அந்த ஒரு பாடத்துக்கு மட்டும் கூடுதலாக ஒரு பாடவேளை ஒதுக்கி, சான்றைக் கையில் கொடுத்துப் பேசவிடுங்கள். மற்றவற்றை வழக்கம்போல நடத்துங்கள். ஆறு முதல் ஒன்பது வரை தேர்வு நெருக்கடி குறைவு. இதைத் தொடங்க ஏற்ற இடம் அதுதான்.

சரி, அப்படி ஒரு பாடத்தை முழுதாக நடத்திக் காட்டுங்களேன்.

உத்திரமேரூரை எடுத்துக்கொள்வோம். குடவோலை முறை எல்லோருக்கும் தெரிந்த பாடம். "சோழர் காலத்திலேயே நம்மிடம் தேர்தல் இருந்தது, மக்களாட்சி இருந்தது" என்று மேடைகளிலும் கேட்கிறோம். தேர்வுக்கு ஐந்து மதிப்பெண் விடையும் இதே தொனியில்தான் எழுதப்படுகிறது.

அந்தக் கல்வெட்டுகள் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கின்றன. முதலாம் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது 919இலும் 921இலும் பொறிக்கப்பட்டவை. 921ஆம் ஆண்டுக் கல்வெட்டில் உள்ள விதிகளை ஒரு தாளில் எளிய தமிழில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஊர் 30 குடும்புகளாக, அதாவது இன்றைய வார்டு போன்ற பகுதிகளாக, பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியானவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, விவரம் அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் சொல்கிறார்கள். வயது 35க்கு மேல் 70க்குள் இருக்க வேண்டும். வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேதம் கற்றிருக்க வேண்டும். முன்பு வாரியத்தில் (ஊர் வேலைகளைக் கவனித்த குழுவில்) உறுப்பினராக இருந்து கணக்குக் காட்டாதவர் நிற்க முடியாது, அவருடைய நெருங்கிய உறவினரும் நிற்க முடியாது. கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவரும் கூடாது. தேர்வானவர்கள் ஆட்டை வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் என்று பிரிந்து 360 நாள் வேலை பார்ப்பார்கள்.

இதைப் படித்தபின் பிள்ளைகளை எழுப்பிவிட்டு, "இந்த ஊரில் நீ நிற்க முடியுமா?" என்று ஒவ்வொருவராகக் கேளுங்கள். பெண்கள் உட்கார்ந்துவிடுவார்கள். நிலம் இல்லாத வீட்டுப் பிள்ளைகள் உட்காருவார்கள். வேதம் கற்றவர் என்ற விதிக்கு வந்ததும் ஏறக்குறைய வகுப்பே உட்கார்ந்துவிடும். (இந்த இடத்தில் கவனம் வேண்டும். எந்தப் பிள்ளையையும் அவரவர் வீட்டு நிலம், சாதி எதையும் வாய்விட்டுச் சொல்ல வைக்காதீர்கள். ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரத்தை எழுதிய சீட்டைக் கொடுத்துவிட்டால் சிக்கல் இல்லை.) உத்திரமேரூர் பிராமணர்களுக்குக் கொடையாக அளிக்கப்பட்ட பிரமதேய ஊர் என்பதையும், இந்த விதிகள் அந்தச் சபைக்கானவை என்பதையும் அப்போது சொல்லுங்கள். சோழ நாட்டின் மற்ற ஊர்களில் வேளாளர் கூடிய 'ஊர்' என்ற அமைப்பும், வணிகர்களின் 'நகரம்' என்ற அமைப்பும் தனியாக இருந்தன.

அதோடு நிறுத்திவிட்டால் பாடம் பாதிதான். "அப்படியானால் இதில் ஒன்றுமே இல்லையா சார்?" என்று யாராவது கேட்பார்கள், கேட்க வேண்டும். கணக்குக் காட்டாதவன் திரும்ப வரக்கூடாது, அவன் மைத்துனனும் வரக்கூடாது என்று 1,100 ஆண்டுகளுக்கு முன் கல்லில் வெட்டி வைத்தவர்கள் பொறுப்பைப் பற்றி ஆழமாக யோசித்திருக்கிறார்கள். அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்குள் விதிகளைத் திருத்தி எழுதியிருக்கிறார்கள். முதல் முறையில் ஏதோ குறை இருந்திருக்கிறது. என்ன குறையாக இருக்கும் என்று பிள்ளைகளை ஊகிக்கச் சொல்லுங்கள். இந்த ஒரு பாடவேளைக்குப் பிறகு 'மக்களாட்சி' என்று எழுதும் பிள்ளை யோசித்துத்தான் எழுதும்.

கல்வெட்டுப் படிக்க எனக்கே தெரியாது. மாணவர்களுக்கு எப்படிக் கற்றுத் தருவது?

முழுதாகப் படிக்க வேண்டிய அவசியம் இல்லை. சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டில் சில சொற்களைக் கண்டுபிடிக்கப் பழகினாலே போதும். தொடக்கத்தில் கிரந்த எழுத்தில் 'ஸ்வஸ்தி ஸ்ரீ' என்று இருக்கும். முதலாம் ராஜராஜனுடைய மெய்க்கீர்த்தியாக (அரசனைப் புகழும் முன்னுரையாக) இருந்தால் அடுத்து 'திருமகள் போல' என்று வரும். பிறகு 'யாண்டு' என்ற சொல்லைத் தேடுங்கள். அதை ஒட்டி ஆட்சியாண்டு இருக்கும், பல நேரம் தமிழ் எண்களில். கொடை எழுதிய கல்வெட்டானால் முடிவில் 'இது பன்மாஹேஸ்வர ரக்ஷை' என்று இருக்க வாய்ப்புண்டு. பெரும்பாலும் புள்ளி இருக்காது என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். க், க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். எந்த இடத்தில் மெய்யாகப் படிப்பது என்று பிள்ளைகள் முட்டி மோதிக் கண்டுபிடிக்கும்போது வரும் சத்தத்தை நீங்களே கேட்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. எழுத்துத் தெரிய வேண்டும் என்று கல்லில் மாவு, சுண்ணாம்பு, சாக்பீஸ் எதையும் தேய்க்காதீர்கள். காலையிலோ மாலையிலோ சாய்வெயிலில் போனால் எழுத்து தானாகவே எழுந்து தெரியும். நிழலான இடம் என்றால் செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். மைப்படி எடுப்பது பயிற்சி பெற்றவர்கள் அனுமதியோடு செய்கிற வேலை. அதைப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். நனைத்த தாளைக் கல்லில் ஒட்டி, தூரிகையால் தட்டி, மை ஒற்றி எடுப்பார்கள். 1880களில் மதராஸ் மாகாணத்தில் அரசுக் கல்வெட்டாய்வாளராக ஹுல்ட்ஸ் வேலையைத் தொடங்கியது முதல் இன்றுவரை முறை பெரிதாக மாறவில்லை.

எங்கள் ஊரில் பெரிய கோயிலும் இல்லை, கோட்டையும் இல்லை. எதைக் காட்டுவது?

ஏரி இருக்கிறதா? மதகைப் பாருங்கள். பழைய ஏரிகளில் குமிழித்தூம்பின் (ஏரிக்குள் இருந்து நீரைத் திறந்துவிடும் அமைப்பின்) கல்தூண்கள் இன்னும் நிற்கின்றன, சிலவற்றில் அதைச் செய்து கொடுத்தவரின் பெயரும் இருக்கும். ஊர் எல்லையில் ஒரு வீரன் வில்லோடோ வாளோடோ நிற்கும் கல் இருக்கிறதா? அது இறந்த வீரனுக்காக நட்ட நடுகல்லாக இருக்கலாம். திருவண்ணாமலை, தருமபுரிப் பக்கம் பல நடுகற்கள் வேடியப்பன் என்ற பெயரில் இன்றும் வழிபாட்டில் இருக்கின்றன. எடுத்தனூர் நடுகல்லைப் பற்றி ஆறாம் வகுப்பில் சொல்லிப் பாருங்கள். மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தில் மாடு கவரும் சண்டையில் இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல் அது. பக்கத்தில் அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கள்ளரைக் கடித்து நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்று கல்லே சொல்கிறது. பல்லவ மன்னர் பட்டியலை மறந்துபோகிற பிள்ளை கோவிவனை மறக்காது. மகேந்திரவர்மனும் அதோடு ஒட்டிக்கொள்வான்.

எதுவுமே இல்லை என்றால் உங்கள் பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேடு இருக்கிறது. எந்த ஆண்டில் முதல் பெண் பிள்ளை சேர்ந்தாள், பெற்றோரின் தொழில் என்று என்னென்ன எழுதியிருக்கிறது, எந்தெந்த ஊரிலிருந்து நடந்து வந்தார்கள் என்று பார்த்தாலே ஒரு ஊரின் நூறாண்டுக் கதை கிடைத்துவிடும். தலைமையாசிரியரின் அனுமதியோடு, பெயரையும் சாதிப் பத்தியையும் மறைத்து நகலெடுத்து வகுப்புக்குக் கொண்டு போங்கள்.

தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதி வரச் சொல்கிறோம். அது வரலாறாகுமா?

சரிபார்த்தால் ஆகும். பெரியவர்கள் ஆண்டுக்கணக்கில் நினைவு வைத்திருக்கமாட்டார்கள். "புயலடிச்ச வருஷம்", "இந்திக்காகப் பள்ளிக்கூடம் மூடின வருஷம்" என்றுதான் சொல்வார்கள். ராமேசுவரம் பக்கத்துப் பாட்டி புயல் என்றால் 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலாக இருக்கலாம். மொழிப் போராட்டம் என்றால் பெரும்பாலும் 1965 ஜனவரி, பிப்ரவரி. மிகவும் வயதானவர் சொன்னால் 1938ஆகவும் இருக்கலாம். அவர்களுக்கு அப்போது என்ன வயது, அந்த வயதில் இதைப் பார்த்திருக்க முடியுமா, கேள்விப்பட்டதைச் சொல்கிறார்களா என்று பிள்ளைகளே கணக்குப் போடட்டும். ஒரே நிகழ்வை இரண்டு பேரிடம் கேட்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒத்துப்போகாது. ஏன் ஒத்துப்போகவில்லை என்பதை எழுதினால் அந்த ஒப்படைப்புக்கு முழு மதிப்பெண் கொடுத்துவிடுவேன்.

"அந்தக் காலம் எப்படி இருந்தது?" என்று பொதுவாகக் கேட்டால் "நல்லா இருந்துச்சு" என்ற பதிலோடு முடிந்துவிடும். வீட்டுக்குக் கரண்டு எப்போது வந்தது, முதல் சம்பளம் நெல்லா காசா, கிணற்றில் யார் யார் தண்ணீர் எடுக்கலாம், கல்யாணத்துக்கு என்ன சமைத்தார்கள் என்று பொருளைப் பிடித்துக் கேட்கச் சொல்லுங்கள். பேச விருப்பமில்லை என்று பெரியவர் சொன்னால் அங்கேயே விட்டுவிட வேண்டும்.

மாணவன் பானை ஓட்டுத் துண்டையோ பழைய காசையோ எடுத்து வந்துவிட்டான். என்ன செய்வது?

முதலில் திட்டாதீர்கள், ஆர்வத்தில்தான் எடுத்து வந்திருப்பான். ஆனால் கிடைத்த இடத்திலிருந்து எடுத்துவிட்டால் அந்தப் பொருளின் பாதிக் கதை போய்விடுகிறது என்பதைப் புரியவையுங்கள். எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில், எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்பதை வைத்துத்தான் தொல்லியலில் காலம் சொல்கிறார்கள். எங்கே எடுத்தான் என்று எழுதி வாங்குங்கள், அந்த இடத்தைப் படம் எடுங்கள், கிராம நிர்வாக அலுவலருக்கோ வட்டாட்சியருக்கோ தொல்லியல் துறைக்கோ தெரிவியுங்கள். புதையலாகக் கிடைக்கும் பொருளை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. தொன்மை மன்றத்தின் பெயரில் பிள்ளைகளைத் தோண்ட விடவே கூடாது. முதுமக்கள் தாழி மேலே தெரிந்தாலும் தொடாமல் நிற்கப் பழக்குவதுதான் மன்றத்தின் முதல் பாடம்.

கீழடி எத்தனை ஆண்டு பழமை? ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்களே?

சிவகங்கை மாவட்டத்தில், மதுரைக்குப் பக்கத்தில் இருக்கிற கீழடியில் இந்தியத் தொல்லியல் துறை 2015இல் அகழாய்வைத் தொடங்கியது. மூன்று கட்டங்களுக்குப் பிறகு தமிழ்நாடு தொல்லியல் துறை எடுத்துக்கொண்டது. மாநிலத் துறை 2019இல் வெளியிட்ட அறிக்கையின்படி, கரிம ஆய்வுக்கு அனுப்பிய ஆறு கரி மாதிரிகளில் 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த ஒன்று கி.மு. 580ஐக் காட்டியது. 'கி.மு. 6ஆம் நூற்றாண்டு' என்று நாம் சொல்வது அதிலிருந்து வந்தது.

முதல் இரண்டு கட்டங்களை நடத்திய அமர்நாத் ராமகிருஷ்ணன் 2023 ஜனவரியில் இந்தியத் தொல்லியல் துறையிடம் கொடுத்த அறிக்கை தொடக்கத்தை கி.மு. 8ஆம் நூற்றாண்டுக்குக் கொண்டு போகிறது. 2025 மே மாதம் அதைத் திருத்தித் தரும்படி துறை கேட்டது, அவர் தம் முடிவில் உறுதியாக நின்றார். அரசியலும் இதில் கலந்துவிட்டது.

இதை வகுப்பில் மறைக்க வேண்டாம். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இது நல்ல பாடம். கரிம ஆய்வு காலம் சொல்வது அந்தக் கரித்துண்டுக்கு. அந்த அடுக்கில் கிடைத்த மற்ற பொருள்களுக்கு அதை நீட்டுவது ஆய்வாளரின் வாதம், அந்த வாதத்துக்கு மண்ணடுக்கு ஆதாரமாக இருக்க வேண்டும். எந்தக் குழி, எந்த அடுக்கு, எத்தனை மாதிரி என்று கேட்கப் பழகிய பிள்ளை டில்லி சொன்னாலும் சென்னை சொன்னாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கும். கீழடியை நான் பெருமையோடுதான் நடத்துகிறேன். கீறிய பெயர்களோடு கிடைத்த பானை ஓடுகளைப் பார்த்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கும். அந்தப் பெருமை கேள்விக்குத் தாங்க வேண்டும் என்பதால்தான் கேள்வி கேட்கச் சொல்கிறேன்.

பெரிய கோயில் நிழல் தரையில் விழாது, உயரம் 216 அடி, அது உயிர்மெய் எழுத்தின் எண்ணிக்கை என்றெல்லாம் வாட்ஸ்அப்பில் வருகிறதே?

நிழல் விழும். தஞ்சாவூரில் வெயிலில் நின்று பார்த்த யாரும் சொல்வார்கள். உச்சியில் இருப்பது 80 டன் எடையுள்ள ஒரே கல் என்பதையும் ஆய்வாளர்கள் ஏற்பதில்லை, பல துண்டுகளை இணைத்தது என்று எழுதியிருக்கிறார்கள்.

அடுத்தது அந்த எழுத்துக் கணக்கு: லிங்கம் 12 அடி, பீடம் 18 அடி, விமானம் 216 அடி, நந்திக்கும் லிங்கத்துக்கும் இடையே 247 அடி என்று வரும். இதைப் பார்வேர்டு செய்கிறவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எந்த அடி? நம் ஸ்கேலில் இருக்கும் அடி ஆங்கிலேயர் கொண்டு வந்தது. 1010இல் பணியை முடித்த ராஜராஜனின் ஆட்கள் அளந்தது வேறு அளவில். கோயிலுக்குக் கொடுத்த செப்புத் திருமேனிகளின் உயரத்தை முழத்திலும் விரலிலும் கல்வெட்டு துல்லியமாகச் சொல்கிறது.

மறுத்துவிட்டு மட்டும் வந்துவிடாதீர்கள், மக்கள் முகம் வாடிப்போகும். அந்தச் சுவர் சொல்கிற உண்மையான கதையைக் கொடுங்கள். "நாம் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும்" என்று, தான் கொடுத்ததோடு அக்கா குந்தவையும் மனைவியரும் மற்றவர்களும் கொடுத்ததையும் கல்லில் வெட்டச் சொன்ன அரசன் அவன். பல கோயில்களிலிருந்து வரவழைத்த 400 தளிச்சேரிப் பெண்டுகளின் (கோயில் ஆடல் மகளிரின்) பெயர், சொந்த ஊர்க் கோயில், குடியிருந்த வீட்டின் வரிசை எண்வரை எழுதியிருக்கிறார்கள். ஆளுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய 400 பெண்களின் முகவரி ஒரு சுவரில் இருக்கிறது. இதைச் சொன்னபின் நிழலைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

நாவலும் சினிமாவும் பார்த்துவிட்டு வந்து பிள்ளைகள் அதையே வரலாறு என்கிறார்கள். எப்படித் திருத்துவது?

திருத்த அவசரப்படாதீர்கள். சோழர் பெயர்களை வாய்நிறையச் சொல்லிக்கொண்டு வரும் பிள்ளை நமக்குக் கிடைத்த வரம். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை தொடராக வந்தது, 2022இலும் 2023இலும் திரைப்படமாக வந்தது. "ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்?" என்று கேட்டால் வகுப்பே இரண்டாகப் பிரிந்து கத்தும். அப்போது காட்டுமன்னார்கோயில் பக்கம் உடையார்குடிக் கல்வெட்டைக் கொண்டு வாருங்கள். ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. பாண்டியன் தலை கொண்ட கரிகால சோழனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைச் சொல்லி, அவர்களுடைய, உறவினர்களுடைய நிலங்கள் பற்றிய ஆணையைப் பதிவு செய்கிறது. ஏன் கொன்றார்கள், பின்னால் யார் இருந்தார்கள் என்று அது சொல்லவில்லை. வரலாற்றறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. வந்தியத்தேவன் கல்வெட்டில் இருக்கிறார், குந்தவையின் கணவர் வல்லவரையர் என்ற அளவில். நந்தினி நாவலாசிரியரின் படைப்பு. யார் கல்லில், யார் கதையில் என்று பிள்ளைகளே பட்டியல் போடட்டும்.

ராஜராஜன் எந்தச் சாதி?

மரபு நடையில் இந்தக் கேள்வி வராத நாள் அரிது. பல சமூகத்தார் அவனைத் தம்மவன் என்கிறார்கள். இன்றைய சாதிச் சங்கங்களும் அவற்றின் பெயர்களும் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டிலும், மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஒட்டி உருவானவை. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய அரசனை அந்தக் கட்டத்துக்குள் வைக்கச் சான்று இடம் தரவில்லை. சோழர்கள் தங்களைச் சூரிய குலத்தவர் என்று சொல்லிக்கொண்டார்கள், அவ்வளவுதான். கூட்டத்தில் வாக்குவாதம் வந்தால் நான் இதோடு அடுத்த சிற்பத்துக்கு நடந்துவிடுவேன்.

சாதிக் கொடுமைகளை வகுப்பில் பேசினால் பிரச்சினை வரும் என்று தலைமையாசிரியர் தயங்குகிறார்.

தயக்கம் புரிகிறது. ஆனாலும் பேசித்தான் ஆக வேண்டும். இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அடங்கிய தென் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகப் பல பத்தாண்டுகள் போராடி, 1859இல் அரசரின் பிரகடனத்தால் பெற்றார்கள். அந்தப் பாடப்பகுதியிலிருந்து தேர்வில் கேள்வி வராது என்று 2016 டிசம்பரில் சிபிஎஸ்இ சுற்றறிக்கை விட்டது. 2019இல் என்சிஇஆர்டி ஒன்பதாம் வகுப்பு நூலிலிருந்து அந்தப் பாடத்தையே எடுத்துவிட்டது. அது தவறான முடிவு என்றே நினைக்கிறேன். அவமானப்பட்டவர்களின் கதையாக மட்டும் அதைப் பார்த்தவர்கள், வென்றவர்களின் கதை அது என்பதைப் பார்க்கவில்லை.

நடத்தும்போது சான்றோடு நின்றுகொள்ளுங்கள், உங்களுக்கும் அது பாதுகாப்பு. பெரிய கோயில் கல்வெட்டுகளில் வரி நீக்கப்பட்ட நிலங்களின் பட்டியல் வருகிறது. அதில் பறைச்சேரி, கம்மாணச்சேரி என்று தனித்தனிக் குடியிருப்புகளின் பெயர்கள் இருக்கின்றன. அக்காவின் கொடையைச் சொல்கிற அதே கோயில்தான் இதையும் சொல்கிறது. ஒன்றைப் படித்துக் காட்டி மற்றதை மறைத்தால் பாதி வகுப்பின் முன்னோர் வரலாற்றிலேயே இல்லாமல் போய்விடுவார்கள்.

ஆண்டுகளை மனப்பாடம் செய்யத்தான் வேண்டுமா?

கொஞ்சம் வேண்டும். பத்தாம் வகுப்பில் காலக்கோடு வரையும் கேள்வி வருகிறது. அது இல்லாவிட்டாலும் எது முன், எது பின் என்று தெரியாமல் காரணம் பேச முடியாது. வகுப்புச் சுவரில் நீளமாக ஒரு காலக்கோட்டை ஒட்டி, நடத்த நடத்தப் பிள்ளைகளையே எழுத விடுங்கள்.

ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர் காலத்துக்கு நம் ஆள் எழுதிய சான்று ஏதும் உண்டா?

உண்டு. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு. கர்நாடகப் போர்களை நடத்தும்போது 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னைக் கோட்டையைப் பிடித்த பகுதியிலிருந்து அரைப் பக்கம் படித்துக் காட்டுங்கள். பேச்சுத் தமிழ் கலந்த நடை, பிள்ளைகள் சிரித்துக்கொண்டே கேட்பார்கள். எழுதியவர் பெரிய வணிகர், டூப்ளேயின் தயவில் இருந்தவர். அதனால் எதைப் பெரிதாகச் சொல்வார், எதை விட்டிருப்பார் என்றும் கேளுங்கள்.

மரபு நடை நடத்த விரும்புகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

இரண்டு மணி நேரத்துக்கு மேல் போகாதீர்கள். நான்கைந்து இடங்களில் நின்று பேசினால் போதும். முந்தைய நாள் நீங்கள் தனியாக ஒருமுறை நடந்து பாருங்கள். பூட்டியிருக்கும் கதவு, பூசை நேரம், நிழல், கழிப்பறை எல்லாம் அப்போதுதான் தெரியும். கோயிலுக்குள் பேசுவதானால் அர்ச்சகரிடமும் அலுவலகத்திலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பேசும்போது மூன்றைப் பிரித்துச் சொல்லுங்கள்: கல் சொல்வது, ஆய்வாளர் ஊகிப்பது, ஊர் சொல்வது. ஊர்க்கதையை அலட்சியம் செய்யாதீர்கள். ஊர்ப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் நின்றால் அவரையே சொல்லவிடுங்கள். "பாண்டவர் வந்து தங்கின குகை" என்பார். அந்தக் குகையில் சமண முனிவர்களின் கற்படுக்கை இருக்கும். இரண்டையும் சொல்லலாம், எது எப்போதிலிருந்து என்ற தெளிவோடு.

வீடியோ போடுகிறவர்களுக்கும் இதுவேதான். கல்வெட்டு என்று வாயால் சொல்லும்போது அதன் வரியைத் திரையில் காட்டுங்கள், எந்தக் கோயில், எந்தச் சுவர், எந்தத் தொகுதியில் அச்சாகியிருக்கிறது என்று கீழே எழுதுங்கள். 'மறைக்கப்பட்ட வரலாறு' என்று தலைப்பு வைக்காதீர்கள். பெரும்பாலும் அது நூலகத்தில் யாரும் திறக்காமல் இருக்கிற வரலாறுதான்.

அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனால் ஓடி ஓடிப் பார்த்துவிட்டு அரைமணியில் வெளியே வந்துவிடுகிறார்கள்.

ஒரே ஒரு அறையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து வரையச் சொல்லுங்கள். வரையும்போதுதான் கண் நிற்கும். எழும்பூரில் என்றால் செப்புத் திருமேனிக் கூடம் போதும், வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை நினைவில் வையுங்கள். 2023 மார்ச்சில் திறந்த கீழடி அருங்காட்சியகத்தில் பானை ஓட்டுக் கீறல்கள் போதும். தமிழி (பழந்தமிழ்) எழுத்து அட்டவணை ஒன்றை நகலெடுத்துக் கையில் கொடுத்துவிட்டால் பிள்ளைகளை அங்கிருந்து கிளப்புவதுதான் சிரமம்.

இதற்கெல்லாம் மூலங்கள் எங்கே கிடைக்கும்?

தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகள் 1890 முதல் வெளிவருகின்றன. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு இரண்டாம் தொகுதியைப் பாருங்கள். உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை இந்தியத் தொல்லியல் துறையின் 1904-05ஆம் ஆண்டறிக்கையில் வெங்கய்யா பதிப்பித்திருக்கிறார். தமிழ்நாடு தொல்லியல் துறை மாவட்டவாரியாகக் கல்வெட்டு நூல்கள் வெளியிட்டிருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்களை இலவசமாகப் படிக்கலாம். உங்கள் வட்டத்தின் பெயரைப் போட்டு முதலில் தேடுங்கள். பக்கத்து ஊர்க் கோயில் கல்வெட்டு ஏற்கெனவே அச்சில் இருக்க வாய்ப்பு அதிகம். கிடைத்தால் அந்தப் பக்கத்தை நகலெடுத்துக்கொண்டு, அடுத்த சனிக்கிழமை பிள்ளைகளோடு போய்ச் சுவரில் ஒப்பிட்டுப் பாருங்கள்.